கழுத்தளவு தண்ணி

எங்க அக்காவப் பத்திப் பேசினாலே எனக்கு வயிறு எரியுது. பழச்சாறு கம்பெனியில பாட்டிலுக்கு மூடி திருகுற வேலை அவளுக்கு. நான் பக்கத்துல நின்னு லேபிள் ஒட்டுவேன். நாள் முழுக்க கண்ணு முன்னாடி சாறு ஓடும், நாங்க நாக்கு வறண்டு நிப்போம். தண்ணி குடிச்சா கழிப்பறைக்குப் போவோமாம், போனா பாட்டில் ஓடுற பெல்ட் நிக்குமாம். அதனால எங்க பக்கத்துக் குழாய்க்கு மேனேஜர் பூட்டே போட்டுட்டான். நல்லா இருப்பானா அவன்?

போன மாசம் அக்காவுக்கு அடிவயித்துல வலி. "தண்ணியே குடிக்காம கிட்னியக் கெடுத்து வச்சிருக்கீங்கம்மா. இப்படியே போனா ரெண்டும் போயிடும்"னாரு டாக்டர். குழாயத் திறந்துவிடச் சொல்லி மேனேஜர்கிட்ட அக்கா கெஞ்சினா. "பார்க்கலாம், பார்க்கலாம்"னான். இன்னும் எத்தனை நாள்டா பார்ப்ப?

அப்பதான் புதுச் சாறு ஒண்ணு வந்துச்சு. பேரு 'டேன்டலைஸ்'. அறிமுக விழா அன்னிக்கு எங்க எல்லாரையும் வெயில்ல நிக்க வச்சு, விளம்பரக் கம்பெனி ஆளு மைக்கப் பிடிச்சு அர்த்தம் சொன்னான். கிரேக்கப் புராணத்துல டேன்டலஸ்னு ஒரு ராஜாவாம். தெய்வங்க குடுத்த தண்டனையில கழுத்தளவு தண்ணியில நிக்கிறானாம். குடிக்கக் குனிஞ்சா தண்ணி வடிஞ்சிடும். தலைக்கு மேல பழம் தொங்கும், கைய நீட்டினா கிளை மேல போயிடும்.

"கிட்ட காட்டி, கிடைக்காம ஏங்க வைக்கிறதுதான் டேன்டலைஸ்! அந்த ஏக்கத்ததான் நாம பாட்டில்ல அடைச்சு விக்கிறோம்!"

மேனேஜர் ஈன்னு பல்லக் காட்டிக் கைதட்டினான்.

அக்கா கையத் தூக்கினா. அவ நாலு பேர் முன்னாடி வாயத் திறக்கிறதே அதிசயம்.

"சார், அந்த ராஜா அப்படி என்ன தப்பு பண்ணினாரு?"

விளம்பரக்காரனுக்கு ஒரே குஷி. "பெத்த மகனையே வெட்டிச் சமைச்சு, தெய்வங்களுக்கு விருந்து வச்சுட்டாம்மா!"

"அடப்பாவி!"ன்னா அக்கா. அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பினா. "நாங்க யாரு பிள்ளைய சார் வெட்டினோம்?"

அக்கா மேடைக்குப் போயி, அழகுக்கு அடுக்கி வச்சிருந்த பாட்டில்ல ஒண்ண எடுத்தா. மூடி திருகுறவளுக்குத் திறக்கத் தெரியாதா? மடக்கு மடக்குன்னு குடிச்சா.

"வேலை போயிடும்!"னு மேனேஜர் கத்தினான்.

"போகட்டும்"னு சொல்லிட்டு மிச்சத்த என்கிட்ட நீட்டினா. நானும் குடிச்சேன். எனக்குப் பின்னால அத்தனை பொம்பளைங்களும் மேடைக்கு ஏறிட்டாங்க.

எல்லாரையும் துரத்தினா பெல்ட் யாரு ஓட்டுறது? அக்காவ மட்டும் துரத்தினான். மறுநாள் குழாய்ப் பூட்டயும் எடுத்துட்டான். இப்ப அந்தக் குழாயில நான் தண்ணி பிடிக்கிறப்பல்லாம், அத அப்படியே அவன் மூஞ்சில ஊத்தணும் போல வருது.