வலது காதின் சுருதி

என் செவித்திறன் குறைந்துவந்ததை நெடுநாள் மறைத்து வைத்தவை கொரிய நாடகங்கள்.

இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு அருகிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஞாயிறு பிற்பகல் தொலைக்காட்சியில் வரும் கொரியத் தொடரைத் தங்கை செல்வியும் நானும் தவறவிட்டதில்லை. பேச்சு கொரிய மொழியில்; அடியில் ஓடும் எழுத்துகள் சிங்களத்தில். நான் கேட்கவில்லை, வாசித்தேன். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்வதால் சத்தத்தைக் குறைத்து வைப்பதும் எங்கள் வழக்கம். மாலையில் இந்திய வானொலியின் கர்நாடகக் கச்சேரி மங்கி ஒலித்தபோது பனிமூட்டத்தைக் குறைசொன்னேன். வானொலியின் பற்றரியையும் மூன்று முறை மாற்றினேன்.

என் பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு ஞாயிறு, நாடகம் முடிந்ததும் செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"கதாநாயகி அழுதாளே, எப்படிக்கா இருந்துச்சு?"

"கொரலே ஒடைஞ்சு போச்சு, பாவம்."

"பக்கத்து வீட்டுக் காம்பராவுல பச்சப்புள்ள தூங்குதுன்னு ஆரம்பத்துலயே சத்தத்த நிப்பாட்டிட்டேன். நீ எந்தக் கொரல கேட்ட?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

தோட்டத்து மருந்தகத்தில் காதில் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதங்கள் அதில் போயின. பிறகு அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் ஒருநாள் நின்று, என்னைக் கண்டிக்கு அழைத்துப் போனார்.

காது மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். இசைக்கவையை (தட்டினால் ஒரே சுரத்தில் அதிரும் உலோகக் கருவி) காதருகே பிடித்தார். ஏதோ தொலைவில் முனகியது. பிறகு அதன் அடியைக் காதின் பின்னெலும்பில் ஊன்றினார். மாசற்ற ஒற்றைச் சுரம் தலையை நிறைத்தது. அவர் கையை எடுத்துவிடக் கூடாதே என்று இருந்தது.

"எலும்பு வழியாக் கேக்குது, காத்து வழியாக் கேக்கேல்லை. நரம்பு நல்லாத்தான் இருக்கு, பிள்ளை."

நோயின் பெயர் ஓட்டோஸ்க்ளிரோசிஸ் (நடுச்செவியின் மிகச் சிறிய எலும்பு இறுகி அசைவற்றுப் போதல்). இரு காதுகளிலும் இருந்தது, வலதில் அதிகம். அந்த எலும்புக்குப் பதிலாக நுண்ணிய செயற்கைத் தண்டொன்றைப் பொருத்தலாம் என்றார்.

"அநேகமாய்க் கேக்கிற சக்தி திரும்பும். சில பேருக்கு இருக்கிறதும் போயிடும். அதைச் சொல்லாமல் நான் கை வைக்க மாட்டன்."

அம்மா கேட்டார்: "புள்ளைக்குப் பாட்டுக் கேக்குமாங்க, டொக்டர்?"

பேச்சைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் வானொலியோடு நெருங்கி நெருங்கி உட்கார்ந்ததை அவர் கவனித்திருக்கிறார்.

"பேச்சு கேக்கும் எண்டு நம்பலாம், அம்மா. பாட்டு நுணுக்கமான விசயம்."

அறுவைச் சிகிச்சையன்று வலது காதை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். விழித்தபடி, தலையை அசைக்காமல் கிடந்தேன். நெடுநேரம் எதுவுமில்லை. திடீரென்று ஒரு கருவி தட்டில் விழும் ஓசை, அச்சமூட்டும் அளவுக்கு அருகில்.

"கேக்குதோ?"

"கேக்குது."

மூன்று நாட்கள் கட்டிலும் கூரையும் சுழன்றன (உட்செவியின் சமநிலை கலைவதால் வரும் தலைச்சுற்று). காதுக்குள் வைத்திருந்த பஞ்சை எடுத்ததும் வீட்டுக்கு வந்து வானொலியைத் திறந்தேன். ஒரு தம்புரா இரண்டாக ஒலித்தது. இடது காதில் இருந்த ஷட்ஜம் (ஆதார சுரமான ‘ஸ’) வலது காதில் சற்றே கீழிறங்கியிருந்தது. பாடகரின் குரல் தன்னோடு தானே முரண்பட்டது. பெட்டியை மூடிவிட்டேன்.

"சில மாசத்தில சேரலாம். சேராமலும் போகலாம்" என்றார் மருத்துவர். இன்றுவரை சேரவில்லை.

"ரெண்டு காதும் ஒரே மாதிரி கெட்டுப்போச்சுன்னா சண்டை இருக்காதுல்லக்கா?" என்றாள் செல்வி. இம்முறை நானும் சிரித்தேன்.

எழுத்தை வாசித்து நாடகம் பார்க்கிறவர்கள் ஒருமுறை கண்ணை மூடிப் பார்க்க வேண்டுகிறேன். நான் அதைச் செய்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிக்குப் போயிருப்பேன்.

இப்போது வலது காது உரக்கக் கேட்கிறது, பிழையாக. இடது காது சரியாகக் கேட்கிறது, மங்கலாக. அதற்கும் அறுவைச் சிகிச்சை வேண்டும். மாலைகளில் வலது காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, சரியான ஷட்ஜம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கிறேன். தை மாதம் வாசற்படிவரை எட்டியது. சித்திரையில் கட்டில்வரை. இன்று வானொலிப் பெட்டியில் இடது காதை ஒட்டிவைத்துக் கச்சேரி முடியும்வரை இருந்தேன். நாளை இடது காதுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுகிறேன்.