மாணிக்கம் அண்ணனின் தூக்கத்தைக் கேலி செய்யாதீர்கள்

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் அரியலூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் எல்லார் செல்போனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டது. எங்கள் எடைமேடைப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி. குரும்பலூர் மாணிக்கம் அண்ணன் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். நான் படித்து முடிப்பதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "அவருக்குப் புடிச்ச மாதிரியே போயிட்டாருய்யா." நாலைந்து பேர் சிரித்தார்கள். திரும்பி ஓர் அறை விடலாம் போல இருந்தது. முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை எடை போட்டு உள்ளே விட வேண்டும். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. உடம்பு ஒன்றுக்குப் பழகும்போது அடுத்தது வந்து நிற்கும். போதாததற்கு ஒரு வழக்கம் வேறு. அடுத்த ஷிஃப்ட் ஆள் வரவில்லையென்றால், முடித்தவனே மறுபடியும் உட்கார வேண்டும். அதற்கு 'டபுள்' என்று பெயர். யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் பொறுப்பில்லாதவன் என்பார்கள்.

அண்ணன் ஒருவர்தான் மறுப்பார். ஒருமுறை இரவு வேலை முடித்து, காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஆள் வீட்டில் காதுகுத்து, வரவில்லை. எங்கள் பிரிவு இன்சார்ஜ் வழிமறித்தார்.

"மாணிக்கம், இன்னிக்கு ஒரு நாள் பாத்துடுங்க."

"முடியாதுங்க சார். தூங்கணும்."

"எல்லாரும் பாக்குறாங்கல்ல, உங்களுக்கு மட்டும் என்னவாம்?"

"எல்லாரும் தூங்கணும்னுதான் சார் நானும் சொல்றேன். நீங்க நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்திருக்கீங்க, செத்த நேரம் உக்காருங்களேன்."

குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அன்று மதியம் வரை இன்சார்ஜ்தான் லாரிகளை எடை போட்டார். அன்றைக்கு அண்ணனுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்தான் 'தூங்குமூஞ்சி'. அது அவருக்கும் தெரியும்.

எனக்கு இரத்த அழுத்தம் வந்தபோது கேண்டீனில் மாத்திரை போடுவதைப் பார்த்துவிட்டார். "மாத்திரைய மறக்காமப் போடுற, தூக்கத்த மட்டும் மறந்துடுற. ரெண்டையும் ஒரே டாக்டருதானடா சொன்னாரு?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் இருக்கிறவன் எங்கே தூங்குவது என்று கேட்டேன். "அந்தப் புள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

துக்கம் கேட்கக் குரும்பலூர் போயிருந்தேன். பஸ்ஸில் நடந்த பேச்சு அவர் மனைவி காதுக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. இந்த ஊரில் எதுதான் போய்ச் சேராது! அழுகைக்கு நடுவே அக்கா சொன்னார்:

"அவங்க அண்ணன் ரெண்டு பேரும் நெஞ்சுவலியிலதான் போனாங்க தம்பி. ரெண்டு பேரும் நாப்பதத் தாண்டல. இவங்களுக்கும் இதயம் பலவீனம், தூக்கம் கெட்டா ஆபத்துன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வேலைய விட்டா சோத்துக்கு என்ன பண்றது? அதான் தூக்கத்தக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க. பேத்தி மொகத்தப் பாத்துட்டுத்தான் போயிருக்காங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா?"

"சீக்காளின்னு தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயம். இனிமே சொல்லலாம் தம்பி. இனிமே யாரு அவங்க வேலையப் புடுங்கப் போறா?"

அக்கா அனுமதித்ததால்தான் எழுதுகிறேன். தூங்கித் தூங்கிச் செத்தவர் இல்லை அண்ணன். தூங்கியதால் இத்தனை வருடம் நம்மோடு இருந்தவர். இதை அவர் இருக்கும்போதே சொல்ல முடியாத இடமாக நாம் வேலை பார்க்கும் இடம் இருந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வியாழக்கிழமை கேண்டீனில் இரங்கல் கூட்டம். ஃப்ளெக்ஸில் அண்ணன் படம், அதன் கீழே 'ஓய்வறியா உழைப்பாளி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வரியைக் கொடுத்தவர் இன்சார்ஜ். பாவி மனிதர், யாரைப் பார்த்து எதை எழுதுவது? எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். முடிந்ததும் இன்சார்ஜ் என் தோளில் கை போட்டார்.

"புது ஆள் வர்ற வரைக்கும் அவரு ஷிஃப்ட்டையும் நீங்களே பாத்துக்குங்க. அவருதான் முரண்டு புடிப்பாரு. நீங்க அப்படி இல்ல."

"முடியாதுங்க சார்" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். கேண்டீன் மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். மெமோ வந்தாலும் வரும்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த மறுப்பு ஒன்றைத்தான். அவருடைய பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. மறுபடி கேட்டாலும் கத்தித்தான் சொல்வேன்.