ஆதி சக்திக்கு ஒரு புள்ளி

வில்லாபுரத்தில் பாண்டீஸ்வரியின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. "பொம்மை பஸ்ஸுக்கு ஹாரன் ஊத்துற அக்கா வீடு எது?" என்று கேட்டால் போதும், பால்காரர் வண்டியை நிறுத்திக் கையைக் காட்டிவிடுவார். ஹாரன் மட்டுமல்ல. பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கை, கதவுக் கைப்பிடி, பின்னால் ஏறுகிற ஏணி, ஸ்டியரிங், நெற்றியில் பேர் எழுதிய பலகை என்று ஒரு பஸ்ஸுக்கு வேண்டிய உலோகச் சாமான் அத்தனையும் அவள் கையால் வார்த்ததுதான். முக்கால்வாசி விரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

பஸ்ஸின் உடம்பைச் செய்கிறவர் அவள் புருஷன் செல்வக்குமார். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்து, அசல் பஸ்ஸைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சுருங்க வைத்தது போலக் கொண்டுவந்து மேஜையில் நிறுத்துவார். ஆரம்பத்தில் ஹாரன், கண்ணாடியெல்லாம் பிளாஸ்டிக்கில் செதுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரிக்கு அது பொறுக்கவில்லை. "பட்டுச்சேலை கட்டி, கழுத்துல பாசி போட்ட மாதிரி இருக்கு" என்றாள். பிறகு போனில் பார்த்துப் பார்த்து, கையைச் சுட்டுச் சுட்டு அவளே வார்க்கக் கற்றுக்கொண்டாள்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று தனி அடுப்பு, தனி இரும்புக் கரண்டி. அதைச் சமையல் சாமானோடு சேர்க்க மாட்டாள். செல்வக்குமார் வெட்டிக் கொடுக்கிற மாதிரியை வைத்து ரப்பரில் அச்சு எடுப்பாள். வெள்ளீயத்தைக் கரண்டியில் உருக்கி, "தாயே மீனாட்சி" என்று சொல்லி அச்சின் வாயில் ஊற்றுவாள். ஆறியதும் அச்சைப் பிரித்து, பிசிறை நகவெட்டியால் நறுக்கி எடுப்பாள். எத்தனை முறை பிரித்தாலும், துணியை விலக்கிப் பச்சைப்பிள்ளை முகம் பார்க்கிற சந்தோஷம் அவளுக்குக் குறைந்ததே இல்லை.

தை மாதம் ஒரு நாள் கண்ணுச்சாமி வந்தார். ஆரப்பாளையத்திலிருந்து மேற்கே உள்ள ஊர்களுக்கு மினி பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸும் அவருடையதுதான். பேர் 'ஆதி சக்தி'. செல்வக்குமாருக்குப் பழக்கமான மனிதர். பாண்டீஸ்வரியைத் தங்கச்சி என்பார்.

"மாப்ள, என் வண்டிய அப்படியே சின்னதா செஞ்சு குடுக்கணும். நேத்திக்கடன்."

"வண்டிக்கா நேத்திக்கடன்?"

"ஐப்பசி மழையில வண்டி ரோட்ட விட்டு எறங்கிருச்சுல்ல. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. வீட்டுல உங்க அக்கா உடனே வண்டியூர் மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டா. கண்ணு சரியானா கண்மலர் வைக்கிறோம், புள்ள பொறந்தா மண்ணுல புள்ள வைக்கிறோம். வண்டி பொழச்சா வண்டியத்தான வைக்கணும்ங்கிறா. அந்த உருவாரத்த தை முடியிறதுக்குள்ள வைக்கணும். வைக்கிற வரைக்கும் நான் ஸ்டியரிங்கத் தொடக் கூடாதாம்."

"அப்ப வண்டி?"

"வாசல்ல நிக்குது. சாவி அவ முந்தானையில. நான் வீட்டுக்குள்ள வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன். ஸ்டாண்டுல என்னைய சமையல் மாஸ்டர்ங்கிறாய்ங்க தங்கச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனாலும் அவருடைய வலது கால் சும்மா இருக்காமல் தரையை மிதித்து மிதித்து எடுத்துக்கொண்டிருந்ததைப் பாண்டீஸ்வரி பார்த்தாள். வண்டி ஓட்டியே வளர்ந்த காலை வீட்டில் கட்டிப்போட்டால் அது என்ன செய்யும், பாவம். இந்த மனுஷனை மறுபடி சீட்டில் உட்கார வைப்பது தன் கையில் இருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இதுவரை அவள் வார்த்ததெல்லாம் யார் யார் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கோ போயிருக்கிறது. அம்மன் காலடிக்குப் போவது இதுதான் முதல் தடவை.

வேலை மளமளவென்று ஓடியது. ஏணி வந்தது, ஹாரன் வந்தது, ஸ்டியரிங் அச்சைப் பிரிக்கும்போதே வழவழவென்று விழுந்தது. கடைசியாகப் பேர்ப் பலகை. எழுத்துக்கள் புடைத்து நிற்க வேண்டும். செல்வக்குமார் அதற்கு மாதிரி வெட்டிக் கொடுத்தார். ஊற்றினாள், ஆறவிட்டாள், பிரித்தாள். அழகாகத்தான் இருந்தது. புருஷனிடம் நீட்டினாள்.

அவர் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "ஆதி... சகதி."

"என்ன சொன்னீங்க?"

"நான் சொல்லல, நீ ஊத்தினது சொல்லுது. க மேல புள்ளி எங்க?"

அவள் வாங்கிப் பார்த்தாள். புள்ளி இல்லை. ஒரு கசகசா அளவு குழிதான் அச்சில் அந்தப் புள்ளி. அதற்குள் காற்று உட்கார்ந்துகொண்டு ஈயத்தை உள்ளே விடவில்லை. கசகசா அளவு போனதற்கு, உலகத்தைப் படைத்தவள் சேறாகிப் போனாள்.

"தப்புத் தப்பு" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

மறுபடி ஊற்றினாள். சகதி. இன்னும் சூடாக்கி ஊற்றினாள். நாலு பக்கமும் பிசிறு பிதுங்கி, நடுவில் அதே சகதி. ஊசியால் குழியை நோண்டிவிட்டு ஊற்றினாள். அப்படியும் வரவில்லை. செல்வக்குமார் சால்டரிங் கம்பியைக் காயவைத்து, ஒரு சொட்டு வைத்து ஒட்டிவிடலாம் என்று தொட்டார். புள்ளி ஒட்டவில்லை, 'க' உருகி வழிந்துவிட்டது.

"இப்ப ஆதி சதி" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"பெயிண்ட்ல ஒரு புள்ளி வச்சிருவோம். யாரு பார்க்கப் போறா?"

"யாருக்கு வைக்கிறோமோ அவ பார்ப்பா. பெயிண்ட் உதிர்ந்தா அவ காலடியிலேயே சகதின்னு உக்கார்ந்திருக்குமே."

புதன்கிழமை கண்ணுச்சாமி பார்க்க வந்துவிட்டார். தை மாதத்தில் மிச்சம் ஒரே ஒரு வெள்ளிதான், மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாண்டீஸ்வரி சகதிப் பலகைகளை அள்ளித் தட்டுக்கு அடியில் தள்ளினாள். ஒன்று தவறி அவர் காலடியில் விழுந்தது. எடுத்துக் கண்ணருகே வைத்து எழுத்துக்கூட்டினார். வாய் அசைந்தது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. வேணும்னு இல்ல. புள்ளி மட்டும் வரமாட்டேங்குது" என்றாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அவர் கோபப்படவில்லை. திண்டாடித் திண்டாடிப் பேசினார்.

"தங்கச்சி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் ஒருத்தர்ட்டயும் முழுசா சொல்லல. வளைவுல பிரேக்க மிதிச்சா வழுக்குது. எதுக்க கண்மாய், தளும்பத் தளும்பத் தண்ணி. வண்டி நேரா அதுக்குத்தான் போச்சு. கரைக்கு இங்கிட்டு முழங்காலுக்குச் சகதி. முன்சக்கரம் ரெண்டும் அதுல புதைஞ்சு, பின்னாடி இருந்து யாரோ சட்டையப் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. அது இல்லாட்டி அம்புட்டுப் பேரும் கண்மாய்க்குள்ள." பலகையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ புள்ளி வச்சு ஒண்ணு ஊத்து. இது எங்கிட்டயே இருக்கட்டும்."

வியாழக்கிழமை காலையில் பாண்டீஸ்வரி தலைக்குக் குளித்தாள். சாமி படத்துக்கு விளக்கேற்றி நெற்றியில் திருநீறு பூசியபோது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குப் பூசுவது போல அந்த அச்சுக்கும் பூசினால் என்ன என்று தோன்றியது. ஒரு சிட்டிகை எடுத்து எழுத்துக்களின் மேல் தடவினாள், அதிகமானதை ஊதித் தட்டினாள். ஈயத்தை ஊற்றினாள். பிரிக்கக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் பிரித்தாள்.

'க' மேல் புள்ளி, மூக்குத்திக் கல் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது.

அவள் போட்ட சத்தத்தில் செல்வக்குமார் சவர நுரையோடு ஓடிவந்தார். பார்த்தார். பார்த்தவர் நம்பாமல், அச்சைத் துடைத்துவிட்டு முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தடவி அவளை ஊற்றச் சொன்னார். அதிலும் புள்ளி வந்தது.

"பார்த்தியா? பொடி வழியா காத்து வெளியேறிருது. அவ்வளவுதான் விஷயம். திருநீறுல ஒண்ணும் இல்ல."

"பவுடர்லயும் வந்தாளா? நல்லது" என்றாள் பாண்டீஸ்வரி. "அவளுக்கு எதுவும் ஆகும்."

அவர் சவரத்துக்குத் திரும்பிப் போனார். நுரை காய்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வண்டியூர் தெப்பக்குளத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். கண்ணுச்சாமியின் மனைவி மாயக்காள் பஸ்ஸைத் தாம்பாளத்தில் வைத்து, பூச்சூட்டி, தலையில் தாங்கி வந்தாள். முந்தானை முடிச்சில் சாவி கனத்துத் தொங்கியது. சந்நிதியில் பூசாரி பஸ்ஸைக் கையில் வாங்கி, "கண்ணாடி, ஹாரன்லாம் அச்சு அசலா இருக்கே" என்று முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கவிழ்த்தும் பார்த்தார்.

"அடியில என்னமோ எழுதியிருக்கு. ஆதி... சகதியா?"

பாண்டீஸ்வரிக்குத் திக்கென்றது. கண்ணுச்சாமியைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு பார்த்த வேலை இது? சாமிக்கு வைக்கிறதுல சகதின்னு எழுதுறதா?" என்றாள் மாயக்காள்.

"நேத்து ராத்திரி நாந்தான் ஒட்டினேன். தங்கச்சி மேல தப்பு இல்ல" என்றார் கண்ணுச்சாமி. கண்மாயையும், தளும்பிய தண்ணீரையும், முன்சக்கரம் புதைந்து நின்றதையும் அங்கேயே மெதுவாகச் சொன்னார். "மேல சக்தி காப்பாத்துனா. கீழ இது காப்பாத்துச்சு. அதான் கீழ ஒட்டினேன்."

மாயக்காளுக்கு அவர் கண்மாய் விளிம்பு வரை போனது அன்றுவரை தெரியாது. புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், கை கால் எல்லாம் இருக்கிறதா என்று இப்போதுதான் எண்ணுகிறவள் போல. சாவி இன்றைக்கு அவிழுமா, இல்லை இனி எப்போதுமே அவிழாதா என்று பாண்டீஸ்வரி அந்த முடிச்சையே பார்த்தாள்.

மாயக்காள் பூசாரியிடம் திரும்பினாள். "அப்படியே வைங்க சாமி. அதுவும் ஆத்தா விரிச்ச மடிதான்."

பிறகு முடிச்சை அவிழ்த்தாள். சாவியைப் பூசாரி குங்குமம் வைத்துக் கொடுத்தார். கண்ணுச்சாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் அம்மனையும் பார்க்காமல் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழைனா மெதுவாப் போவேன்னு சொல்லு" என்றாள் மாயக்காள்.

"மெதுவாப் போவேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லாத. அங்க பார்த்துச் சொல்லு."

அங்கே பார்த்துச் சொன்னார்.

திரும்பும்போது ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கண்ணுச்சாமி டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். ஆட்டோ வளைவில் திரும்பும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது.

"இந்தாய்யா, ஆட்டோவ அவரு ஓட்டுவாரு. நீ காலத் தூக்கு" என்றாள் மாயக்காள் பின்னாலிருந்து.

செல்வக்குமார் சிரித்தார். ஆட்டோக்காரரும் சிரித்தார். பாண்டீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தெப்பக்குளம் பின்னால் போகிற வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.