பக்கத்து நாற்காலிக்குத் தெரியாத திரை

குடும்பத்தில் அவருக்கு வைத்த பெயர் 'தடதட அத்தை'. இரும்புத் தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்கள். ஓர் அலுவலகத்தில் இளவயதில் சேர்ந்து, மற்றவர்கள் சொன்னதை அடித்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். கணினி வந்த பிறகும் அந்த அடி மாறவில்லை. அழுத்தும் எழுத்து காகிதத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும் என்பதுபோல அடிப்பார். வீட்டுக் கதவை யாராவது பலமாகத் தட்டினால், "அத்தை வேலையை ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்பது பழைய கிண்டல்.

ஓய்வுக்குப் பிறகு அத்தை கல்லூரிக்குப் போக ஆரம்பித்தார், தம்பி மகளுக்காக. சிறுவயதில் வந்த காய்ச்சலோடு அந்தப் பெண்ணுக்குக் காது போய்விட்டது. வீட்டாரின் உதடுகளைப் படித்துவிடுவாள். அடர்ந்த மீசையோடு, பாதி நேரம் கரும்பலகையைப் பார்த்துப் பேசும் ஆசிரியரின் உதட்டை யார் படிப்பது? சட்டம் படிக்க இடம் கிடைத்தது. வகுப்பில் சொல்வதை எழுதிக் காட்ட ஆள் கிடைக்கவில்லை. நிதி இல்லை என்றது கல்லூரி. அதே ஆண்டில்தான் வாசலில் பளிங்கில் ஒரு வளைவு எழுப்பினார்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று உள்ளே பாடம் நடக்கும். அந்தப் பாடமே ஒருத்திக்குப் போய்ச் சேராது. அது யாருக்கும் உறுத்தவில்லை.

"நான் போய் உட்கார்றேன்" என்றார் அத்தை. முதல் வரிசையில் அவர் அடிப்பார். பக்கத்து நாற்காலியில் இருந்து மருமகள் திரையைப் படிப்பாள். ஆசிரியர் அறுக்கும்போது, நடுவில் அத்தையின் நையாண்டியும் ஒரு வரி ஓடும். மருமகள் சிரித்ததே இல்லை. சரியான உம்மணாமூஞ்சி என்று அத்தை நினைத்துக்கொள்வார்.

ஆண்டின் முடிவில் அவள் ஒரு பாடத்தில் தோற்றாள். இன்னொரு முறை தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

அத்தைக்குக் கோபம் பொங்கியது. "ஒரு வார்த்தை விடாம அடிக்கிறேன். நீ ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கே!"

மருமகள் தலை குனிந்துகொண்டாள்.

பழைய மடிக்கணினியும் அதோடு படுத்துவிட்டது. விசைப்பலகை பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டது. மூடியை ரப்பர் வளையம்தான் பிடித்துக்கொண்டிருந்தது. படிப்பு முடியும்வரை உழைக்கும்படி, கையில் இருப்பதற்குள் ஒன்று வாங்கியாக வேண்டும். அடுத்ததுக்கு வழியில்லை.

கடைக்கு மூவரும் போனார்கள். லாரி ஓட்டும் தம்பி ஒரு மாதமாகக் கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தேறியிருந்தார். வாயைத் திறந்தால் ஜிகாபைட்தான் கொட்டியது. வெள்ளி நிறத்தில் மெல்லிசாக ஒன்றை நேராகப் போய் எடுத்தார்.

"அக்கா, தூக்கிப் பாரு. காகிதம் மாதிரி இருக்கு."

"ஃபேன் போட்டா பறந்துடாதா?"

"புது மாடல்மா" என்றார் கடைக்காரர். "திரையைப் பாருங்க. முகம் பார்த்துத் தலையே வாரலாம்."

"தலை வார வீட்ல கண்ணாடி இருக்குப்பா. நான் அடிச்சுப் பாக்கணும்."

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு தலைவர் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். அத்தை அதைக் கேட்டபடியே அடித்தார். மேசை அதிர்ந்தது.

"மெதுவாம்மா, மெதுவா! இன்னும் விக்கலை!"

"இதுதாங்க அவங்க மெதுவா அடிக்கிறது" என்றார் தம்பி.

"விசை உடைஞ்சா மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டார் அத்தை.

"இதுல கீபோர்டை மட்டும் மாத்த முடியாதும்மா. மேல்பாகம் மொத்தமும் மாத்தணும்."

"சட்டையில பட்டன் போனா சட்டையையே புதுசா வாங்கணுமா?"

"இப்பல்லாம் அப்படித்தாம்மா பண்றாங்க."

அப்படித்தான் செய்கிறார்கள். பணம் இருப்பவனுக்கு அது எரிச்சல். இல்லாதவனுக்கு அது தண்டனை. உடைந்தால் தூக்கிப் போடு என்று பொருளைச் செய்கிறவர்கள், அதைத் தூக்கிப் போட முடியாதவர்களிடம்தான் அதிகம் விற்கிறார்கள்.

"நீ கொஞ்சம் மெல்ல அடிக்கப் பழகேன்க்கா" என்றார் தம்பி. மகள் கையில் பளபளப்பாக ஒரு பொருளைப் பார்க்க அவருக்கு ஆசை. அந்த ஆசையைப் பார்த்து அத்தையும் இளகிப்போனார். பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல உட்கார்ந்திருந்த மருமகளிடம் "நல்லா இருக்கா?" என்று சைகை காட்டினார். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

தொலைக்காட்சித் தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கை பழக்கத்தில் அத்தை இன்னொரு வரியும் அடித்தார்: 'இந்த ஆள் பேச்சுல தலையும் இல்லை, வாலும் இல்லை, விக் மட்டும்தான் இருக்கு.'

பின்னால் நின்ற கடைக்காரர் குபீரென்று சிரித்தார். மருமகள் அதே புன்னகையோடு தலையாட்டினாள்.

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தார். "படிச்சியா?"

தலையாட்டல்.

அத்தை மடிக்கணினியை அவள் பக்கமாகத் திருப்பினார். மருமகள் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு, மாட்டிக்கொண்டோம் என்று புரிந்து சிரிப்பை நிறுத்தினாள்.

அத்தை எழுந்து மருமகளைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் திரையில் டியூப்லைட் தெரிந்தது. கடைக்காரரின் முகம் தெரிந்தது. எழுத்துகள் மட்டும், தண்ணீர் பட்ட மைபோல வெளிறிக் கிடந்தன.

"பழசும் இப்படித்தான் தெரிஞ்சுதா?"

மருமகள் தயங்கித் தயங்கி அடித்தாள். 'பாதி தெரியும் அத்தை. மீதியை யூகிச்சுக்குவேன்.'

"வாயைத் திறந்து சொன்னா என்னடி?"

'நீங்க எனக்காகச் சும்மா வந்து கஷ்டப்படறீங்க. அதுல எப்படிக் குறை சொல்றது?'

அத்தை அதை இரண்டு முறை படித்தார். ஒரு வருடம் அவர் ஒரு வார்த்தை விடாமல் அடித்தது உண்மை. அதில் பாதி அவளை அடையவே இல்லை என்பதும் உண்மை. உதவி என்ற பெயரில் எதையாவது கொடுத்துவிட்டால் வாங்குகிறவரின் வாய் அடைபட்டுவிடுகிறது. கொடுப்பவர்கள் அந்த அமைதியைத் திருப்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அரசுகள் மட்டுமல்ல, அன்புள்ள அத்தைகளும் இதைச் செய்கிறார்கள்.

"ஒரு மாசமா வீடியோ பார்த்தேன்" என்று முனகினார் தம்பி. "பக்கத்துல உட்கார்றவங்களைப் பத்தி ஒருத்தனும் சொல்லலையே."

"நம்ம மட்டும் கேட்டோமா?" என்றார் அத்தை. பிறகு மருமகளைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "அன்னைக்குத் திட்டினது என் தப்பு. இப்ப நீ பார்த்து எடு."

மருமகள் கடையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு கணினிக்கும் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாள். புதியவை முடிந்து, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழையவை இருந்த பின் அலமாரிக்குப் போனாள். தடித்த கறுப்பு ஒன்றின் முன் நின்றாள். மங்கலான, மினுமினுப்பில்லாத திரை. எந்தப் பக்கம் போனாலும் எழுத்து பளிச்சென்று நின்றது. பேட்டரியைக் கழற்றி மாற்றலாம்; அடிப்பக்கம் முழுக்கத் திருகாணிகள்.

"என்னம்மா, செங்கல் மாதிரி இருக்கு" என்றார் தம்பி.

"உன் லாரி மட்டும் மயிலிறகாடா?" என்றார் அத்தை. ஆனால் விசைகளைத் தொட்டதும் அவர் முகமும் சுருங்கியது. "இதுவும் என் கையில எத்தனை நாள் தாங்கும்?"

மருமகள் அடித்தாள்: 'நீங்க அடிக்கும்போது திரையைப் பாக்கறதே இல்லையே. உங்களுக்கு எதுக்குத் திரை? தனி கீபோர்டு போதும். இது என் முன்னால இருக்கட்டும்.'

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அதான்மா சரி. நீங்க தனி கீபோர்டை உடைச்சுக்கிட்டே இருங்க. பாவம், கணினியாவது பிழைச்சுக்கும்."

விட்ட பாடத்தை அவள் அந்தப் பருவத்திலேயே எழுதித் தேறினாள். ஆனால் வீட்டில் இன்னும் பேசப்படுவது கல்லூரி திறந்த முதல் நாள்தான். கறுப்புக் கணினி மருமகளின் முன்னால் இருந்தது. அத்தை கீபோர்டை மட்டும் தன் முன் வைத்துக்கொண்டு, ஆசிரியரின் மீசையைப் பார்த்தபடி அடித்தார். பிழை விழுந்தாலும் வேகம் கூடினாலும் மருமகள் பெஞ்சில் விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் தட்டு விழுந்ததும் அத்தைக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுதும் அடித்த கை. அவரிடம் இதுவரை எந்த அதிகாரியும் இப்படித் தட்டிக் காட்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தட்டு. அடுத்து, அடக்க முடியாமல் மருமகளின் சிரிப்பு. ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அத்தை ஒன்றும் தெரியாதவர்போல ஜன்னலைப் பார்த்தார்.

மாலையில் வளைவைத் தாண்டி வெளியே வந்ததும் அத்தை நின்றார். மருமகளுக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பிக் கேட்டார்: "இன்னைக்கு என் வேலையில என்னடி குறை?"

மருமகள் ஒரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அது முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கையையும் தூக்கினாள்.