ஆரஞ்சு ஸ்டாம்பைக் குளிப்பாட்டினேன்

அன்றைக்கு அம்பத்தூரில் என் வீட்டு முன்னறையில் இருந்தது சரியாக நாலு பேர். நான், என் மனைவி கஸ்தூரி, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வந்த நண்பன் தண்டபாணி, பாரிமுனையில் பழைய ஸ்டாம்ப் வாங்கி விற்கும் ஒரு வியாபாரி.

தண்டபாணிக்குப் பூந்தமல்லி பழைய பேப்பர் கடையில் ஒரு கவர் கிடைத்திருந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து மதராஸ் பாதிரியார் யாருக்கோ வந்த கடிதம். மேலே இரண்டு ஸ்டாம்ப் — ஒன்று ஆரஞ்சு, ஒன்று ரோஸ். அதை விற்றுப் பெண்டாட்டிக்குத் தையல் மெஷின் வாங்குவதாகத் திட்டம். “உன் கையில இருந்தா பத்திரம் மாமே” என்று ஒரு வாரம் முன்பே என்னிடம் கொடுத்திருந்தான்.

நான் எட்டாங்கிளாஸோடு நின்றவன். எனக்குத் தெரிந்த அமெரிக்கா முழுக்க ஸ்டாம்ப்தான். கவர் வீட்டுக்குள் வந்ததிலிருந்து நிம்மதி போயிற்று. அதில் பழுப்புப் புள்ளிகள்... ஸ்டாம்புக்கும் பரவிவிட்டால்? பூச்சி அரித்தால்? தண்டபாணிக்கு என்ன பதில் சொல்வேன்?

ஆகவே, ஸ்டாம்ப் சேர்க்கிற நாங்கள் எல்லா ஸ்டாம்புக்கும் செய்வதையே செய்தேன். தட்டில் தண்ணீர் ஊற்றிக் கவரை ஊறவைத்தேன். ஸ்டாம்பை உரித்து, பேப்பரில் காயவைத்து, ஆல்பத்தில் ஏற்றினேன். கவர்? ஊறிக் கிழிந்தது. குப்பைக்குப் போனது.

வியாபாரி ஆல்பத்தைப் பார்த்தார். ஆரஞ்சு ஸ்டாம்பில் தபால் முத்திரையின் பாதி வட்டம்.

“மீதி வட்டம் எங்கே சார்?”

“அது... கவர்ல இருந்தது.”

“கவரோட இருந்தா மூவாயிரம் குடுத்திருப்பேன். இப்ப ரெண்டுக்கும் சேர்த்து நானூறு.”

தண்டபாணி என்னையே பார்த்தான்.

“இன்னா மாமே, லெட்டரைப் போயி குளிப்பாட்டிக்கீற?”

“புள்ளி இருந்துச்சுடா... பரவிடுமோன்னு—”

“இவருகிட்ட பச்சப்புள்ளைய குடுத்தாலும் ஊற வச்சிடுவாருண்ணே” என்றாள் கஸ்தூரி.

யாரும் சிரிக்கவில்லை. தண்டபாணி நானூறை எண்ணாமல் பாக்கெட்டில் போட்டான். மீதி இரண்டாயிரத்து அறுநூறை நானே தருகிறேன் என்றேன். ‘வேணாம்’ என்பான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். அலட்சியத்தால் நான் எதையும் கெடுத்ததில்லை. கெடுத்ததெல்லாம் பத்திரப்படுத்தப் போய்தான். உங்கள் வீட்டில் எப்படி?

மாதம் நூறு கொடுத்து வருகிறேன். போன சம்பளத்தன்று எட்டாவது நூறு. வாங்கியவன், நோட்டைத் தடவிப் பார்த்தான். “ஈரமா கீதான்னு பாத்தேன் மாமே.”

பாக்கி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.