பிராக் நகரத்துக் கடிகாரமும் ஊலே கடை போனும்

பிராக் நகரத்தில் இறங்கிய அன்றே தங்கையின் மானத்தை வாங்கிவிட்டேன். ஜெர்மனியில் வாழ்க்கைப்பட்டவள், "லாத்தா, ஒரு தடவையாவது வெளிய வந்து பாரு" என்று டிக்கெட் அனுப்பி என்னை வரவழைத்து, அந்த அழகான பழைய ஊரைச் சுற்றிக்காட்டக் கூட்டிப் போயிருந்தாள். ஆற்றின் மேல் கல் பாலம், இரு பக்கமும் சிலைகள். அவள் கேமராவைத் தூக்கியதும் பாய்ந்து பிடுங்கினேன். "பாலத்தப் படம் எடுக்காதடி, ராணுவத்துக்காரன் புடிச்சிட்டுப் போயிருவான்!"

"லாத்தா, இது ரங்கூன் இல்ல" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் ஊரில் பாலத்தைப் படம் எடுத்துவிட்டு எவன் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தான்? சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஹோட்டலில் ரொட்டியைக் கடிக்கும்போது டிவியில் ரங்கூனைக் காட்டினார்கள். நர்கிஸ் புயல். சூலே பகோடா பக்கத்துச் சாலையில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு கிடந்தன. அங்கிருந்து லான்மடாவில் உள்ள எங்கள் வீடு நடக்கிற தூரம்தான். மூன்றாம் மாடியில் உம்மா தனியாக இருந்தாள். முழங்கால் வலியால் படி இறங்க மாட்டாள். "எனக்கென்ன, நீ போய்ட்டு வா புள்ள" என்று பிடிவாதமாக அனுப்பி வைத்ததும் அவள்தான்.

வீட்டில் போன் கிடையாது. கீழே அரிசிக் கடை வைத்திருந்த பர்மாக்காரரை ஊலே, அதாவது மாமா என்போம். கட்டடத்துக்கே அவர் கடை போன்தான். அதற்கு அடித்தேன். ரிங் போனது, போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பிராக் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பழைய கடிகாரம். மணிக்கொரு தடவை அதில் ஓர் எலும்புக்கூடு மணி அடிக்கும், மேலே ஜன்னல் திறந்து பொம்மைகள் சுற்றி வரும். அதைப் பார்க்க உலகமே கூடி நின்றது. நான் பக்கத்து போன் கூண்டில் நின்றேன். எலும்புக்கூடு அடிக்கும்போதெல்லாம் நானும் ஊலே கடைக்கு அடிப்பேன். கூட்டம் கைதட்டும், என் காதில் ரிங் மட்டும் போய்க்கொண்டிருக்கும். "எடுங்க ஊலே, யாராவது எடுத்துத் தொலைங்களேன்" என்று கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுவேன். தங்கை போன் கார்டு மேல் கார்டாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ரங்கூனுக்கு விமானமும் இல்லை.

கடைசியில் ஒரு நாள் என்னால் முடியவில்லை. கட்டடம் சரிந்து கிடக்க, அடியில் போன் மட்டும் அலறுவதாக மனசுக்குள் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு நான் அடிக்கவே இல்லை. தங்கை என்னைக் குன்றின் மேலிருந்த அரண்மனைக்கு இழுத்துப் போனாள். கீழே சிவப்புக் கூரைகள், ஆறு, வரிசையாகப் பாலங்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களுக்கு ஓதும் யாசீனை உம்மாவுக்காக ஓதினேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

ரங்கூனுக்கு மறுபடி விமானம் விட்டதும் திரும்பினேன். தெருவெல்லாம் மரம். எங்கள் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. ஊலே கடையில் பூட்டு. ஷ்வேப்யிதாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் புயலுக்கு முன்பே போனவர், வழி அடைத்து அங்கேயே மாட்டிக்கொண்டாராம். படியேறினேனா பறந்தேனா, தெரியாது.

ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. உம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள், உயிரோடு. என்னைக் கண்டதும் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், கையை ஓங்கினாள்.

"ஏண்டி அடிக்கிறத நிறுத்துன? கீழ போன் அடிக்க அடிக்க எம்புள்ளதான்னு எனக்குத் தெரியும். பூட்டுன கடைக்குள்ள யாரு போயி எடுக்கறது? மணிக்கொரு தடவ அடிச்சியே, அதக் கேட்டுக்கிட்டுத்தான் உசிரப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு சத்தமே இல்ல. யா அல்லாஹ், எம்புள்ளைக்கு என்ன ஆச்சோன்னு…"

ஓங்கிய கையாலேயே என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"போன் கார்டு தீந்து போச்சும்மா" என்றேன்.