எச்சில் கோப்பை

பூசானில், சாசாங் பகுதி டயர் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சிக்கூடம். பாயில் ஊறிய வியர்வை நாற்றம் சட்டையை மாற்றினாலும் கூடவே வீட்டுக்கு வரும். அங்கேதான் பாங் டோசிக் பதினான்கு வருஷம் கூண்டுச் சண்டைக்காரனாகத் தேய்ந்தான். பதினோரு வெற்றி, ஒன்பது தோல்வி. இடது காது பிசைந்து போட்ட மாவு. மூக்கு இரண்டு முறை உடைந்ததில், மூச்சு விட்டாலே விசில் கேட்கும். முப்பத்தைந்து வயசு. இந்தச் சண்டையில் ஜெயித்தால்தான் அடுத்த ஒப்பந்தம். இல்லையென்றால் அதோடு சரி.

கூண்டில் ஏற இருவருக்கும் உச்ச எடை அறுபத்தாறு கிலோ. அவன் உடம்போ எழுபத்துநாலு. ஐந்து நாள் சோறில்லை. கடைசி நாள் தண்ணீரும் இல்லை. உடம்பு நீரை வற்ற வைக்க வெந்நீர்த் தொட்டியில் கிடப்பான். புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கி, ஊறுகிற எச்சிலையெல்லாம் காகிதக் கோப்பையில் துப்புவான். கோப்பையைப் பிடித்தவன் நான். கோழையாக நூல் விட்டுத் தொங்கும். அறுத்துவிட அவனுக்கு நாக்கில் தெம்பிருக்காது, நான்தான் விரலால் அறுப்பேன். மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போனது. சிறுநீரகம் போய்விடப் போகிறது என்று நான் புலம்பினால், உன்னுடையது நல்லாத்தானே இருக்கு என்று சிரிப்பான். சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் வரும்.

காலையில் எடை பார்த்தார்கள். துண்டு மறைவில் அம்மணமாக நின்று அறுபத்தாறு காட்டினான். எதிராளி ஒக் சங்யுனுக்கு வயசு இருபத்துநாலு, எடை அறுபத்தொன்பது. கன்னம் பளபளவென்றிருந்தது. மேடையிலேயே கொட்டாவி விட்டான்.

சண்டையை நடத்துகிற பியோ மான்சு வந்தான். பள்ளி மல்யுத்த அணியில் டோசிக்குக்கு இரண்டு வருஷம் மூத்தவன். எங்கள் ஊரில் அது போதும்; சாகும்வரை அவன் அண்ணன், சாகும்வரை 'நீங்க'. அந்த அண்ணன் கேட்டதால்தான் டோசிக் ஒருமுறை உடைந்த விரலோடு ஏறினான். இரண்டு முறை பத்தே நாள் அவகாசத்தில் ஏறினான். ஒன்பது தோல்வியில் மூன்று இப்படி வந்தவை.

மான்சு அவன் தோளில் கை போட்டான். "தம்பி, டிக்கெட்லாம் வித்தாச்சு. மூணு கிலோ என்னடா பெரிய மூணு கிலோ? அண்ணனுக்காக ஏறிடு."

எங்கள் பயிற்சியாளர் குனிந்து தன் ஷூ லேஸைப் பார்த்தார். கடைசிக் கோப்பை இன்னும் என் கையில்தான் இருந்தது; கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தேன். டோசிக் அதை வாங்கி மான்சுவின் கையில் வைத்தான்.

"நீ ஏறு."

கேமராக்காரர்கள்கூடப் படமெடுக்க மறந்தார்கள். மான்சுவின் முகம் கறுத்தது. "யாரைடா 'நீ'ங்கிற?"

"உன்னைத்தான். அஞ்சு நாள் இதுல துப்பிட்டு வந்து, நீ ஏறு."

அன்று மதியம் பன்றிக் கறிச்சாறு கடையில் நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டு வாசல் சாக்கடையில் வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் சொன்னான்.

அதற்குப் பிறகு எந்தக் கூண்டும் அவனுக்குத் திறக்கவில்லை. பெரியவனை 'நீ' என்றவனாம், மரியாதை தெரியாதவனாம். மூன்று கிலோவைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒக் சங்யுனோடு மோத அன்று சாயங்காலமே வேறொருவனைப் பிடித்துவிட்டார்கள்.

அவனும் மான்சுவுக்குத் தம்பிதான்.